பதினாலாம் நம்பர் அருவி

ஜூன் 21, சிவகாசி

இந்த டைரி எங்கள் அச்சகத்தில் அடித்தது. பிப்ரவரிக்கு முப்பது நாள் போட்டுவிட்டோம். போன வேகத்தில் கட்டுக்கட்டாகத் திரும்பி வந்துவிட்டது. வருஷத்தில் ஒரு நாள் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளத் தெரியாத ஜனங்கள்.

நாளை நார்வே போகிறேன். ஊரில் எல்லோருக்கும் ஒவ்வொரு காரணம் சொல்லியிருக்கிறேன். உண்மையானதை இங்கே எழுதி வைக்கிறேன்.

கடைக்காரர்கள் பார்த்து ஆர்டர் கொடுக்கும் எங்கள் காலண்டர் ஆல்பத்தில் பதினாலாம் நம்பர் என்று ஒரு சீனரி உண்டு. இரண்டு பக்கமும் மலை, நடுவில் கடல் உள்ளே புகுந்து வந்து நீலமாகப் படுத்திருக்கும். வலது மேல் மூலையில் அருவி. இடது கீழ் மூலையில் சிவப்பு வீடு. தண்ணீரில் ஒரு ஜோடி அன்னம். அன்னம் மட்டும் எங்கள் ஆர்ட்டிஸ்ட் கைங்கரியம். பல் டாக்டர், ரைஸ் மில், வட்டிக்கடை என்று இந்தப் படம் தொங்காத சுவர் தமிழ்நாட்டில் குறைவு. பாதிப் பேர் காஷ்மீர் என்பார்கள், மீதிப் பேர் சுவிட்சர்லாந்து என்பார்கள். என் மாமனார் எந்தக் கப்பல் கம்பெனி காலண்டரிலிருந்தோ அதைப் படம் பிடித்து, நெகட்டிவ் உறையின் மேல் ஊர்ப்பெயரை எழுதி வைத்திருந்தார். நார்வேயில் ஒரு குக்கிராமம்.

அந்த நெகட்டிவில் இப்போது பூஞ்சை. போன வருஷம் அச்சடித்ததில் அன்னத்துக்கு அம்மை போட்டிருந்தது.

போன மாதம் விருதுநகரில் ஒரு கல்யாணப் பந்தி. பக்கத்து இலையில் தேனி செண்பகராஜ் அண்ணாச்சி. எண்ணெய்க்கடை வைத்து, கிளைக்கு மேல் கிளை திறந்து, எங்கள் அச்சகத்தின் பெரிய மிஷின் ஓடுவதற்கே காரணமாக இருப்பவர். ரசத்துக்குக் குழி பறித்துக்கொண்டே சொன்னார்:

"பால்துரை அண்ணாச்சி, ஒங்க மச்சான் ராஜகனி சுவிட்சர்லாந்துக்கே போயி ஒரிஜினலாப் படம் எடுத்துட்டு வந்திருக்காராம்ல. நீங்க இன்னும் மாமனார் படத்தையே போட்டு ஓட்டுறீங்க."

எனக்குப் பாயசம் தலைக்கேறியிருந்தது. "நான் பதினாலாம் நம்பரையே நேர்ல போயி எடுத்துட்டு வாரேன், போதுமா?" என்று விட்டேன்.

"ஆடிப் பதினெட்டுக்குள்ள ஒரிஜினலக் காட்டுங்க, ஆர்டர் ஒங்களுக்கு. இல்லேன்னா கோவிச்சுக்காதீங்க, நான் ராஜகனிகிட்டப் போயிருவேன்."

ஆடிப் பதினெட்டு அன்றுதான் எங்கள் ஊரில் அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பத்துக்குப் பூஜை போட்டுத் திறப்போம். செண்பகராஜ் போனால் பெரிய மிஷின் தூங்கும். மிஷின் தூங்கினால் அதில் நிற்பவர்கள் மச்சான் வீட்டு வாசலில் போய் நிற்பார்கள். அதைப் பார்த்துக்கொண்டு நான் தினமும் அந்தத் தெரு வழியாகப் போக வேண்டும்.

ராஜகனி என் மனைவி ஜெயக்கொடியின் அண்ணன். மாமனாரின் அச்சகத்தைப் பிரித்தபோது பதினாலாம் நம்பர் என் பங்குக்கு வந்தது. "எங்க அப்பா படத்த வச்சு மாப்ள பொழைக்கிறாரு" என்று மச்சான் நாலு பேர் முன்னால் சொன்னார். நானும் பதிலுக்கு ஒன்று சொன்னேன். நன்றாகத்தான் சொன்னேன், அதனால்தான் ஆறு வருஷமாகப் பேச்சில்லை.

ஜெயக்கொடியும் வருகிறாள். "எங்க அப்பா படம். நான் பாக்க வேண்டாமா?"

ஆவணியில் மகள் சுடர்விழிக்குக் கல்யாணம். பருப்புப்பொடி டப்பாவைத் துணிக்குள் செருகிக்கொண்டே ஜெயக்கொடி கேட்டாள்: "மணவறையில பொண்ணுக்குத் தாய்மாமன் மாலை யாரு போடுவாங்களாம்?"

கேமராவுக்குப் பேட்டரி எடுத்து வைத்தாயா என்று நான் கேட்டேன்.

ஜூன் 24

வந்து சேர்ந்தோம். இந்த ஊர்ப் பெயரைச் சொன்னால் நாக்கு சுளுக்கிக்கொள்கிறது. டைரியில் சுளுக்குப்பட்டி என்றே வைத்துக்கொள்கிறேன்.

எங்கள் காகித ஏஜெண்டுக்குத் தெரிந்த தவராசா என்பவர் வீட்டு மாடியில் ஜாகை. யாழ்ப்பாணத்துக்காரர், வந்து முப்பது வருஷத்துக்கு மேல். ஸ்கூல் பஸ் ஓட்டுகிறார். நார்வேக்காரர்கள் வாயே திறக்க மாட்டார்கள் என்றும், அவர்கள் பங்கையும் சேர்த்துத் தானே பேசுவதாகவும் சொன்னார்.

முதல் வேலையாகப் பதினாலாம் நம்பர் தாளை விரித்துக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றிப் பார்த்தார்.

"அண்ணை, இது எங்கட ஊரே இல்லை."

"ஒங்க ஊருதாங்க. மாமனார் கைப்பட எழுதி வச்சிருக்காரு."

"உங்கட மாமா இஞ்ச வந்தவரோ?"

"மதுரையத் தாண்டுனதில்ல."

"பிறகென்ன! இந்த அன்னமும் இஞ்ச இல்லைக் கண்டியளோ."

அன்னத்தை மட்டும் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டேன். வெளியே மழை.

ஜூன் 25

மழை.

ஜூன் 26

மழை. மழையே பெய்யாது என்ற நம்பிக்கையில் பட்டாசும் அச்சுத் தொழிலும் வந்து குடியேறிய ஊர்க்காரன் நான். வானத்திலிருந்து இவ்வளவு தண்ணீர் வரும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

கேமரா கனகு ஸ்டுடியோவில் இரவல் வாங்கியது. "ஆட்டோல வச்சு அமுக்குங்க அண்ணாச்சி, வேற எதையும் தொட்ராதீங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். குளிக்கும்போது பெண்கள் தலையில் மாட்டுகிற பிளாஸ்டிக் தொப்பியை அதற்கு மாட்டிக்கொண்டு கடலோரமாக நடந்தேன். மலை இருக்கிறது என்று தெரிகிறது. எந்த மலை என்றுதான் தெரியவில்லை, எல்லாம் பாதிக்கு மேல் மேகத்துக்குள் இருக்கின்றன. சிவப்பு வீடு எங்கே பார்த்தாலும் நிற்கிறது. ஊருக்கே ஒரே பெயிண்ட் டப்பா போலிருக்கிறது. மழையில் புதுப்புது அருவிகள் வேறு. அருவி வலது பக்கம், வீடு இடது பக்கம், இந்த இரண்டும் சேர்ந்து நிற்கிற இடம் மட்டும் இல்லை.

எதிரே நாயுடன் ஒரு அம்மாள் வந்தார். தாளைக் காட்டினேன். வெகு நேரம் பார்த்தார். கடைசியில் தாளின் மூலையில் விளம்பரத்துக்காகப் போட்டிருந்த செண்பகராஜ் அண்ணாச்சியின் படத்தைத் தொட்டு, இவர் யார் என்று சைகையால் கேட்டார்.

ஜெயக்கொடி போனில் பேசிக்கொண்டிருந்தாள். சுடர்விழியோடு என்றாள். "மூட்டுக்குத் தைலம் தேச்சியா? படி ஏறாத" என்று சொல்வது காதில் விழுந்தது. பெங்களூர்க் குளிரில் இருபத்தாறு வயதிலேயே மூட்டு பிடித்துக்கொள்கிறது, பாவம்.

ஜூன் 27

மழை. தவராசா வீட்டில் மீன் குழம்பு. தேங்காய்ப்பால் விட்டிருந்தார்கள். ஜெயக்கொடி மீனில் மிளகு தட்டிப் போட்டுக் கொடுத்ததும் தவராசா எங்களை இன்னும் ஒரு மாதம் இருக்கச் சொன்னார்.

சாயங்காலம் என்னையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போய் ஜெயக்கொடி கம்பளி முட்டிக்கவசம் ஒரு ஜோடி வாங்கினாள். சுடர்விழிக்காம்.

ஜூன் 28

இன்று வெயில் வந்தது. ஆண்டவன் என்னைப் பார்த்து ஒரு முறை கண்ணைத் திறந்தான் என்றுதான் சொல்ல வேண்டும். நான் எங்கே பார்த்துக்கொண்டு நின்றேன் என்பதையும் எழுத வேண்டும்.

படகுத்துறையின் கடைசிப் பலகையில் மூன்று கால் ஸ்டாண்டை ஊன்றி, வலப்பக்கம் அருவி விழுகிற ஒரே மலையைக் குறி வைத்திருந்தேன். மேகம் பிளந்து வெளிச்சம் இறங்கியது. விரலை வைத்தேன். அந்த நேரம் பார்த்துப் பத்து மாடிக் கப்பல் ஒன்று ஊர்ந்து வந்து மலைக்கும் எனக்கும் நடுவில் நின்றது. அதன் பால்கனிகளில் நின்றவர்களெல்லாம் என்னைப் படம் எடுத்தார்கள். சிலர் கை காட்டினார்கள். தொப்பி போட்ட கேமராவும், மங்கி கேப்புக்கு மேல் மப்ளரும், அதற்கு மேல் குடையுமாக நான் நின்றது அவர்களுக்கு உள்ளூர்க் காட்சிகளில் ஒன்றாகத் தோன்றியிருக்க வேண்டும்.

கப்பல் நகர்ந்தபோது வெயில் போய்விட்டது.

வீட்டுக்கு வந்தால் ஜெயக்கொடி முகம் மலர நின்றாள். "நீங்க அங்கிட்டுப் பாத்துக்கிட்டு நின்னீங்க. இங்கிட்டு என்னா வெயிலு! சமையக்கட்டு சன்னல்லருந்து செல்லுல எடுத்தேன், பாருங்க."

பார்த்தேன். நல்ல படம்தான். ஆனால் அருவி இடப்பக்கம், வீடு வலப்பக்கம். "இது நம்ம படம் இல்ல" என்று சொல்லிவிட்டு ஈரச் சாக்ஸைப் பிழியப் போனேன்.

அதை அவள் மகளுக்கு அனுப்பினாளாம். உடனே போன் வந்தது. மாடிப்படிக்குப் போய்ப் பேசினாள். "யாரு திருப்புனது? அப்பாவா? நெசமாவா? எதுக்கு?" என்று கேட்டது. மாப்பிள்ளை வீட்டில் நாம் கொடுத்த பட்டுப்புடவையைத் திருப்பிவிட்டார்களோ என்று அதன் விலையை மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன். திரும்பி வந்து, முன்பின் தெரியாத விருந்தாளி வீட்டுக்கு வந்தால் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள்.

ஜூன் 29

மழை. நான் குறுக்கும் நெடுக்கும் நடப்பதைப் பார்த்துத் தவராசா, "அண்ணை, பேசாமல் ஒரு போஸ்ட்கார்டை வாங்கிக்கொண்டு போங்கோவன்" என்றார். அவரோடு சாப்பாடு வரை பேசவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு, போஸ்ட்கார்டு எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டேன்.

ஜூன் 30

நான் ஒரு கண்டுபிடிப்பு செய்துவிட்டேன்.

நாளைக் காலை பஸ். பெட்டி கட்டியாகிவிட்டது. படம் இல்லை. செண்பகராஜ் அண்ணாச்சியிடம் என்ன பொய் சொல்லலாம் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு கட்டிலில் கிடந்தேன். கண்புரை ஆபரேஷன் என்று ஒன்று தேறியது.

"என்னங்க, இங்க வாங்க. பின்னல் நேரா இருக்கான்னு பாருங்க."

இருபத்தெட்டு வருஷத்தில் அவள் இப்படிக் கேட்டதே இல்லை. எழுந்து சமையல்கட்டுக்குப் போனேன். அங்கே சன்னல் பக்கத்துச் சுவரில் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று. அதற்கு எதிர்ச் சுவரில் பதினாலாம் நம்பர் தாளை, எதற்கென்று தெரியவில்லை, ஒட்டியிருந்தாள்.

"பின்னல் நேராத்தான் இருக்கு."

"நல்லா பாருங்க. கண்ணாடியில பாருங்க."

கண்ணாடியில் பார்த்தேன். அவள் பின்னல் தெரிந்தது. பின்னலுக்கு மேலே பதினாலாம் நம்பர் தெரிந்தது, இடம் வலம் மாறி. அருவி இடது மேல் மூலையில், வீடு வலது கீழ் மூலையில். கண்ணாடிக்குப் பக்கத்தில் சன்னல். சன்னலுக்கு வெளியே, மழைக்கு நடுவில், இடது மேல் மூலையில் அருவி. வலது கீழ் மூலையில் சிவப்பு வீடு. மலையின் மூக்குகூட அதே மூக்கு.

வந்த நாளிலிருந்து பல் தேய்த்துக்கொண்டு நான் பார்த்துக்கொண்டிருந்த இடம்.

"திருப்பிப் போட்டிருக்காங்க!" என்று கத்தினேன். "ஒங்கப்பா நெகட்டிவத் திருப்பிப் போட்டிருக்காரு! நாந்தான் கண்டுபிடிச்சேன்!"

"நீங்கதாங்க," என்றாள் ஜெயக்கொடி.

சத்தம் கேட்டு ஓடிவந்த தவராசா, கண்ணாடியையும் சன்னலையும் மாறிமாறிப் பார்த்தார். "அட கடவுளே! இது எங்கட பக்கத்து வீட்டு ஒஸ்காரின்ரை படகுக் கொட்டில் எல்லோ! அண்ணை, அது வீடே இல்லை. அதுக்குள்ள ஒரு ஓட்டைப் படகும் அவன்ரை பழைய பிரிட்ஜும்தான் கிடக்குது."

தலைமுறை தலைமுறையாகத் தமிழர்கள் ரிட்டயர் ஆனதும் போய்க் குடியிருக்க ஆசைப்பட்ட வீடு அது.

மாமனார் எதற்காகத் திருப்பினார் என்றுதான் புரியவில்லை. ஜெயக்கொடி உடனே சொன்னாள்: "ஈசானிய மூலையில தண்ணி இருக்கணும், கன்னி மூலையில வீடு இருக்கணும்னு யாராச்சும் கடைக்காரங்க கேட்டிருப்பாங்க. சுவத்துல மாட்டுனா மேல வலது பக்கம்தான ஈசானியம்?"

எவ்வளவு புத்திசாலி. யோசிக்கக்கூட நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

ஜூலை 1

பஸ்ஸுக்கு முன்னால் மழை விட்டது. ஒரு டீ குடிக்கிற நேரம்தான். சன்னலைத் திறந்து ஸ்டாண்டை ஊன்றினேன். மலையிலிருந்து மேகம் வேட்டி அவிழ்வதுபோல மெதுவாக நழுவியது. வெயில் முதலில் அருவியைத் தொட்டது, பிறகு தண்ணீரை. நாங்கள் அச்சில் ஏற்றுகிற நீலம் கொஞ்சம் அதிகம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். குறைவு.

ஆட்டோவில் வைத்து அமுக்கினேன். வேறு எதையும் தொடவில்லை.

ஜெயக்கொடி கேமராவுக்கு மேல் பிடித்திருந்த குடையை மடக்கிவிட்டு என் பக்கத்தில் நின்றாள். பிறகு சொன்னாள்:

"எங்கப்பா இதப் பாக்காமலே போயிட்டாருல்ல."

"ம்."

"அண்ணனும் பாத்ததில்ல."

லென்ஸைத் துடைத்தேன். ஏற்கெனவே துடைத்து வைத்ததுதான்.

ஜூலை 12, சிவகாசி

செண்பகராஜ் அண்ணாச்சி தேனியிலிருந்து வந்தார். புரூஃபை மேசையில் விரித்தேன். பூஞ்சை இல்லை, அம்மை இல்லை. அருவியின் சத்தம் கேட்கும்போல இருந்தது. படம் எடுக்க நான் பட்ட பாட்டை, கப்பல் கதையை மட்டும் விட்டுவிட்டு, சொன்னேன்.

அவர் தாளை எடுத்து ஒரு கை தூரத்தில் பிடித்தார். பிறகு இன்னும் தூரத்தில்.

"அண்ணாச்சி, இது டூப்ளிகேட்டு மாதிரி இருக்கே."

"இதாங்க ஒரிஜினல்! அதுதான் டூப்ளிகேட்டு!"

"அருவி அந்தப் பக்கம்ல இருக்கும்? நான் சின்னப் புள்ளயிலருந்து பாக்குறேன். இதுல வீடு அக்கினி மூலையில நிக்குது. எண்ணெய்க்கடைக்கு அக்கினி ஆகுமா? நீங்களே சொல்லுங்க."

கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த டிசைனர் முத்துச்செல்வியைப் பார்த்தேன். ஒரு பட்டனை அமுக்கினாள். நார்வே திரும்பிப் படுத்துக்கொண்டது.

"ஆங்! இதான் ஒரிஜினல்," என்றார் அண்ணாச்சி. "அன்னம் எங்க?"

அன்னமும் வந்தது.

ஜூலை 20

ஆடி பிறந்துவிட்டது. கல்யாணப் பத்திரிகை அடித்து வந்து கட்டாக இருக்கிறது. ஆடியில் யாருக்கும் வைக்கக் கூடாதாம், பதினெட்டாம் பெருக்கு அன்று மட்டும் ஆரம்பிக்கலாமாம். முதல் பத்திரிகை சாமிக்கு. இரண்டாவது தாய்மாமனுக்கு. இதை ஜெயக்கொடி என்னிடம் சொல்லவில்லை, கேஸ் அடுப்பைத் துடைத்துக்கொண்டே அடுப்பிடம் சொன்னாள்.

சாப்பிடும்போது இன்னொன்றும் சொன்னாள். "அண்ணன் சுவிட்சர்லாந்துக்கெல்லாம் போகலியாம். ஊட்டியில எடுத்ததுதானாம்."

கையிலிருந்த அப்பளம் நொறுங்கியது. "யாரு சொன்னா?"

"யாரோ சொன்னாங்க. மோர் ஊத்தவா?"

இந்தச் செய்தியின் மதிப்பு எனக்குத் தெரியும். செண்பகராஜுக்கு ஒரு போன், மச்சான் கடை ஆட்டம் காலி. சாப்பிட்டு முடித்ததும் போனைக் கையில் எடுத்தேன். ஜெயக்கொடி மோர்ப் பாத்திரத்தைப் பிடித்தபடி, தடுக்காமல், என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

எதிர்ச் சுவரில் திருப்பிப் போட்ட நார்வே தொங்கியது. அதில் பொய் அன்னம் நீந்தியது. வீட்டுக்குள் ஒஸ்காரின் பிரிட்ஜ் இருந்தது. நான் எந்த வாயால் ஊட்டியைக் குறை சொல்வது?

மணி என்ன என்று பார்த்துவிட்டுப் போனைக் கீழே வைத்தேன். மோர் நன்றாக இருந்தது.

ஆகஸ்ட் 3, ஆடிப் பதினெட்டு

காலையில் ஆல்பத்துக்குச் சந்தனம் குங்குமம் வைத்துத் திறந்தோம். செண்பகராஜ் அண்ணாச்சி முதல் ஆளாக வந்து பதினாலாம் நம்பரில் கையை வைத்து, "இதான், இதேதான்" என்று ஆர்டரை உறுதி செய்தார். பெரிய மிஷின் தூங்காது.

வந்தவர்கள் கலைகிற நேரத்தில் வாசலில் ஒரு நிழல். ராஜகனி மச்சான். ஆறு வருஷத்தில் தலை முழுக்க வெள்ளை. படி ஏறும்போது முட்டியைப் பிடித்துக்கொண்டு ஏறினார்.

யார் கூப்பிட்டது என்று நான் கேட்கவில்லை. ஜெயக்கொடி நாற்காலியை முன்பே இழுத்துப் போட்டிருந்தாள்.

மச்சான் ஆல்பத்தைப் புரட்டினார். பதினாலாம் நம்பரில் நின்றார். விரலால் அருவியைத் தடவினார்.

"அப்பா திருப்பிப் போட்ட மாதிரியே திருப்பிட்டீங்க போல."

"அது ஒங்களுக்கு எப்படித் தெரியும் மச்சான்?"

"டார்க் ரூம்ல நெகட்டிவப் புடிச்சுக்கிட்டு நின்னதே நாந்தான மாப்ள! பருத்திக்கொட்டைக்கடைக்காரரு ஈசானியத்துல தண்ணி வேணும்னு ஒரே பிடிவாதம். இதத்தான் ஜெயாகிட்ட..." என்று ஆரம்பித்தவர், தங்கையின் முகத்தைப் பார்த்துவிட்டு இரண்டு தடவை இருமினார்.

"அண்ணனுக்குக் காப்பி கலக்கட்டுமா?" என்றாள் ஜெயக்கொடி, என்னைப் பார்த்து.

"கலக்கு. சீனி அரையாப் போடு, அவருக்கு எப்பவும் அரைதான்," என்றேன். பிறகு மச்சான் பக்கம் திரும்பினேன். "ஒங்க சுவிட்சர்லாந்து படம் நல்லா வந்திருக்காமே?"

"வந்திருக்கு மாப்ள. என்னா குளிருங்கிறீங்க!"

"ஊட்டி மாதிரியா?"

காப்பித் தம்ளரை வாங்கிக்கொண்டு நிதானமாக ஒரு வாய் குடித்தார். "கிட்டத்தட்ட," என்றார்.

அவர் கிளம்பிப் போன பிறகு ஜெயக்கொடியிடம் சொன்னேன்: "சாமிக்கு மொதப் பத்திரிகைய வச்சிட்டு, சாயங்காலம் மச்சான் வீட்டுக்குப் போயி ரெண்டாவத வச்சிருவோம். வெத்தல, பழம், தட்டு எல்லாம் வாங்கணும்ல?"

அவள் உள்ளே போய் ஒரு தட்டைக் கொண்டு வந்து வைத்தாள். வெற்றிலை, பாக்கு, பழம், வேட்டி, சட்டைத் துணி எல்லாம் அடுக்கியிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, சுளுக்குப்பட்டிக் கடையின் காகித உறையோடு, சுடர்விழிக்கு வாங்கிய கம்பளி முட்டிக்கவசம்.

இருபத்தாறு வயதுப் பெண்ணுக்கு அது ரொம்பப் பெரிசு என்று கடையிலேயே நினைத்தேன். டைரியில் எழுதத்தான் விட்டுப்போயிற்று.